கண்ணிமைக்கு ரோஸ் கலர்

அன்னைக்கு உள் அறையில இருந்தது நான். எனக்கு எதிரே மதினி, அண்ணன் பொண்டாட்டி. கதவை ஒட்டி அம்மா. கதவுக்கு வெளியே அண்ணன். எங்க வீட்டு ஆளுக அம்புட்டுத்தான். பேரையூர்ப் பக்கமிருந்து வர வேண்டியவங்க மூணு பேர். மாப்பிள்ளை, அவரோட அம்மா, அவரோட அக்கா. அவங்க இன்னும் வந்து சேரல.

என்னைப் பொண்ணு பாக்க வாராங்க. ஞாயித்துக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி பூ வச்சிட்டுப் போறதாப் பேச்சு. பிடிச்சிருந்தா மாப்பிள்ளையோட அம்மா பொண்ணு தலையில பூ வைப்பாங்க. வச்சிட்டா முடிஞ்சது. அப்புறம் யாரும் பேச்சை மாத்த மாட்டாங்க.

நான் எட்டாவதோட நின்னவ. வில்லாபுரத்துல எங்க வீடு. அவனியாபுரம் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கிட்டிருந்தேன். மூணு வருசம் தச்ச சட்டையில பிசிறு நூல் வெட்டினேன். அப்புறம் மெஷின் குடுத்தாங்க. காலர் தைக்கணும். குடுத்து நாலு மாசம் ஆகியிருந்துச்சு. காலையில போய் அது முன்னாடி உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க.

பேரையூர்ப் பக்கம் கட்டிக்கிட்டுப் போனா அந்த மெஷின் கிடையாது. எனக்கு வேண்டாம்னு அம்மாகிட்ட ஒரு தடவை சொன்னேன். அங்கயும் ஒரு மெஷின் வாங்கிப் போட்டு ஜாக்கெட் தச்சுக்கலாம்னு அம்மா சொல்லிச்சு. ரெண்டாவது தடவை நான் சொல்லல.

மதினி பீரோவிலிருந்து ஒரு டப்பா எடுத்துச்சு. பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பாக்ஸ் அளவு இருக்கும். போன்ல ஆர்டர் போட்டு வாங்கி அஞ்சாறு மாசமாச் சேலைக்கு அடியில வச்சிருந்துச்சு. கண்ணிமைக்குப் பூசுற பொடி. தனக்குப் போட்டுக்கிட்டா அம்மா என்ன சொல்லும்னு அதுக்குத் தெரியும். அதனால முதல்ல என் கண்ணுக்கு.

திறந்தா பன்னிரண்டு கட்டம். எல்லாம் ஒரு வகையறா. ஒண்ணு செங்கல் பொடி. ஒண்ணு செம்மண். ஒண்ணு காஞ்ச ரோசாப்பூ. ஒண்ணு மாதுளந்தோல். ரெண்டுல ஜிகினா. எனக்கு அந்தக் காஞ்ச ரோசாப்பூ பிடிச்சது. சொல்லல.

பொடி பறக்கும்னு ஃபேனை நிறுத்திட்டாங்க. தெருவுல பாப்பாங்கன்னு சன்னலைச் சாத்திட்டாங்க. சேலையில ஏழெட்டு இடத்துல ஊக்கு. கையைத் தூக்க முடியாது. கண்ணை மூடச் சொல்லிச்சு மதினி. மூடினேன். வெளிய ஒவ்வொரு வண்டிச் சத்தமும் கேட்டுச்சு. எது அவங்க வண்டின்னு தெரியல.

முதல் கலர் நிக்கல. உதுந்து கன்னத்துல விழுந்துச்சு. துடைச்சிட்டு அடுத்தது. அதுவும் நிக்கல. நான் கண்ணைச் சிமிட்டுறதாலதான்னு மதினிக்குக் கோவம்.

"ஆடாத புள்ள. மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன் பொழைப்பு இதுக்குத் தேவலாம்."

பொடி ஒட்டணும்னு இமையில ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி, அது மேல காஞ்ச ரோசாப்பூவை விரலால தேச்சுச்சு. இப்ப ஒட்டுச்சு. கன்னம் வேற டல்லாத் தெரியுதுன்னு கண்ணுக்குக் கீழயும் இழுத்து விட்டுச்சு.

அண்ணன் எட்டிப் பார்த்துச்சு. அதுக்குப் பெயின்டிங் வேலை. கலர்ல அதை ஏமாத்த முடியாது.

"எண்ணெய் மேல அடிச்சா இப்பிடித்தான் திட்டுத்திட்டா வரும். ஓதம் ஏறுன செவுரு மாதிரி இருக்கு."

நீங்க ஒரு செவுரு அடிக்க ரெண்டு நாள் எடுக்குறீங்க, போய் வாசல்ல நில்லுங்கன்னு மதினி விரட்டி விட்டுச்சு.

கண்ணாடியைக் காட்டினாங்க. வேர்வையில எண்ணெய் இறங்கி, கலர் கண்ணைச் சுத்திப் பரவியிருந்துச்சு. கழுவிக்கிறேன்னேன். அதுக்குள்ள வாசல்ல செருப்புக் கழட்டுற சத்தம். அம்மா காபித் தட்டைக் கையில குடுத்துச்சு.

குடுத்தேன். விழுந்து கும்பிட்டேன். பாயில உக்காந்தேன். மாப்பிள்ளை ஒரு தடவை பார்த்துட்டுத் தரையைப் பார்த்தாரு. கெட்டவராத் தெரியல. அவரோட அக்கா என்ன படிச்சிருக்கேன்னு கேட்டாங்க. சொன்னேன். சமையல் கேட்டாங்க. சொன்னேன். கம்பெனியைப் பத்தி யாரும் கேக்கல.

மணி நாலு. மாப்பிள்ளையோட அம்மா பையிலிருந்து மல்லிகைப்பூவை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாங்க. பக்கத்துல வந்தவங்க குனிஞ்சு என் முகத்தைப் பார்த்தாங்க. பூவைப் பிடிச்ச கை நின்னுருச்சு.

"கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. அழுத பொண்ணு தலையில நான் பூ வைக்க மாட்டேன். சொல்லும்மா. அழுதியா?"

அம்மா என்னையே பார்த்துச்சு. மதினி சமையல்கட்டு வாசல்ல கையைப் பின்னால மறைச்சுக்கிட்டு நின்னுச்சு. அது விரல்ல இன்னும் கலர் இருந்துச்சு.

"இல்ல அத்த. பூசின கலரு."

நம்பலியோன்னு நினைச்சு, இமையை ஒரு விரலால வழிச்சு அவங்ககிட்ட நீட்டினேன். அவங்க என் விரலைத் தொட்டுத் தேச்சுப் பார்த்தாங்க. மோந்து பார்த்தாங்க. தேங்காயெண்ணெய் வாடை. சிரிச்சிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாதான் கொஞ்சம் சத்தமாச் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்போட பூவை வச்சுக் கொண்டை ஊசி குத்திட்டாங்க. மாப்பிள்ளையோட அக்கா டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாங்க.

அழுதியான்னு கேட்டாங்க. நான் அழல. இல்லன்னேன். உனக்கு வேண்டாமான்னு கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அதை யாரும் கேக்கல. ஆமா அழுதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க பூவைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க. அது அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் இல்லன்னு சொன்னேன்னு இப்ப பேரையூர்ல உக்காந்து யோசிச்சாலும் விளங்கல. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. அம்புட்டுத்தான் இருக்கும்.

அண்ணன் காலண்டரைக் கழட்டிட்டு வந்துச்சு. முகூர்த்தம் பார்த்தாங்க. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே கம்பெனியிலிருந்து நின்னுடணும்னு அம்மா சொல்லிச்சு. தலையை ஆட்டினேன். பூ கனமா இருந்துச்சு. எல்லாரும் மண்டபத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. நான் பாயில உக்காந்தபடியே ஞாயித்துக்கிழமைகளைக் கழிச்சு, அந்த மெஷின்ல உக்கார இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு விரல் விட்டு எண்ணினேன்.

முப்பத்தொண்ணு.