பட்டியலில் மட்டும் சவூதி போனவர்கள்

ஆட்களை எண்ணிக் கொடுக்கும் வேலையில் உள்ள ஒரே கஷ்டம், எண்ணப்படுகிறவர்களுக்கு வாய் இருப்பதுதான். மாடு எண்ணப் போன எவரும் மாட்டோடு வாக்குவாதப்பட்டுத் திரும்பியதாக நான் கேள்விப்படவில்லை. படிவக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக அலைந்த சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

யுத்த காலத்தில், திருகோணமலையிலிருந்து குச்சவெளிக்குப் போகிற கரைப் பாதையில் ஒரு மீன்பிடிக் கிராமத்துக்கு நான் கிராம சேவகராக இருந்தேன். எங்கள் பக்கத்தில் கிராம சேவகரை விதானையார் என்பார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் என்ன தொழில் செய்கிறார் என்று எழுதி, அடியில் கையெழுத்து வைப்பது என் வேலை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் சங்கக்கடையில் நிவாரண அரிசி கொடுத்தார்கள். அதை நம்பித்தான் பாதையோரத்து இராணுவக் காம்பிலும் ஆட்களைப் போக வர விட்டார்கள். நம்பியவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

முதல் நாள்

பஸ்ஸை விட்டு இறங்கியபோது, வேப்பமரத்தின் கீழ் ஒரு கிழவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். புது விதானையார் வருகிறார் என்று முதல் நாளே ஊரெல்லாம் கதை பரவியிருந்தது. கிழவர் என்னைத் தாண்டி பஸ்ஸின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகும் பார்த்தார்.

"ஐயா, நான்தான் புது விதானையார்" என்றேன். கிழவர் என் சேலையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீரும் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை மரியாதையாகப் பொறுத்திருந்து, பிறகு கேட்டார்:

"அது சரி பிள்ளை, அவர் எப்ப வருவார்?"

ஒரு கட்டம், நாலு தொழில்

நிவாரணப் பட்டியலுக்காக நான் போன முதல் வீடு யோகராசாவுடையது. நாற்பது வயது இருக்கும், மெலிந்த கறுத்த மனிதர். படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது, ஒரு சொல் மட்டும் கொள்ளும். அந்த மனிதரோ காலையில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கினார், மத்தியானம் உப்பளத்தில் உப்பு வாரினார், பின்னேரம் களப்பில் இறாலுக்கு வலை வீசினார், இடையில் விறகும் வெட்டினார். அப்போது கடல் பூட்டியிருந்தது. எவரும் வள்ளம் இறக்கக் கூடாது என்று உத்தரவு. அவருடைய வள்ளம் தென்னோலைக் கிடுகு மூடி முற்றத்தில் கிடந்தது. கோழி ஒன்று அதற்குள் அடை கிடந்தது.

"இதில் எதை எழுதுவது?" என்று கேட்டேன். எனக்குப் பொறுமை குறைவு, அன்று வெயிலும் அதிகம். அவர் அவசரப்படாமல் வள்ளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மீனவர் எண்டு போடுங்கோ, மிஸ். மற்றதெல்லாம் நான் சாகாமல் இருக்கிறதுக்குச் செய்யிற வேலையள்."

அரிசிக்கு ஏழு, காம்புக்கு நாலு

நிவாரணப் பட்டியல் முடிந்து கொஞ்ச நாளில் காம்பிலிருந்து வேறொரு பட்டியல் கேட்டார்கள். அதே ஊர், அதே வீடுகள், அதே நான். ஒரு வித்தியாசம்தான். அரிசி கிடைக்கும் பட்டியலில் பேர் கூடக் கூட நல்லது. காம்ப் பட்டியலில் பேர் இருந்தால் கூப்பிடுவார்கள், விசாரிப்பார்கள், மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து விசாரிப்பார்கள். ஆகவே அங்கே பேர் குறையக் குறைய நல்லது.

யோகராசா வீட்டில் நிவாரணத்துக்கு ஏழு பேர்: அவர், மனைவி சிவபாக்கியம், மூன்று பிள்ளைகள், அவருடைய தம்பி, அவளுடைய தம்பி. காம்ப் பட்டியலோடு போனபோது சிவபாக்கியம் தன்னையும் பிள்ளைகளையும் காட்டி "நாலு பேர்" என்றாள். ஆம்பிளைகள் மூவரும் எங்கே என்றேன். சவூதிக்குப் போய் இரண்டு வருடமாம். சொல்லி வாய் மூடவில்லை, குசினிக்குப் பின்னால் சவூதி இருமியது. அதற்கு முந்தின வீட்டிலும் சவூதி, அடுத்த வீட்டிலும் சவூதி. யார் தொடக்கி வைத்தது என்று தெரியாது, பாதை முடியும்போது ஊரில் உள்ள பாதி ஆம்பிளைகளை நான் விமானம் ஏற்றியிருந்தேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்தும் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பொம்பிளை என் பேனையையே பார்த்துக்கொண்டு நின்றாள், என்னால் வேறொன்றும் எழுத முடியவில்லை.

இருந்தாலும் சிவபாக்கியத்திடம் மட்டும் இரண்டு பட்டியலையும் நீட்டி, "இதில் எது பொய்?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"சாப்பிட ஏழு பேர், விசாரணைக்கு நாலு பேர். ரெண்டும் உண்மைதானே, மிஸ்."

கந்தோரில் ஒரு சந்தேகம்

காம்ப் பட்டியலும் ஊரில் பிறந்த பிள்ளைகளின் விபரமும் ஒருநாள் மேலதிகாரிகளின் கந்தோரில் ஒரே மேசையில் சந்தித்துக்கொள்ளும் என்று எனக்கு உறைக்கவில்லை. அங்கே ஒரு தலைமை எழுதுவினைஞர் இருந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த மனிதர். பல்லுக் குத்திக்கொண்டே எல்லாவற்றையும் வாசிப்பார்.

என்னைக் கூப்பிட்டு, நான் கொண்டுபோன பிறப்பு விபரங்களையும் காம்ப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இந்த வீட்டில் தகப்பன் இரண்டு வருடமாகச் சவூதி, பிள்ளைக்கு வயது மூன்று மாதம். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். நான் கூரையில் தொங்குகிற விசிறியைப் பார்த்தேன். கரண்ட் இல்லாததால் அதுவும் ஓடவில்லை. அவர் கடதாசிகளை மடித்து என்னிடமே தந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பிள்ளை, உங்கட ஊர் ஆம்பிளையள் சவூதியில இருந்துகொண்டே குடும்பத்தை நல்லாத்தான் கவனிக்கினம்."

கடல் திறந்த கிழமை

வாடைக்காற்று ஓய்ந்து கடல் படுத்திருந்த ஒரு நாள், காம்பிலிருந்து நல்ல செய்தி வந்தது. காலையிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை, கரையிலிருந்து குறித்த எல்லைக்குள் மீன் பிடிக்கலாம். பாஸ் எடுக்க வேண்டும். ஊர் முழுக்க வள்ளங்களின் கிடுகை விலக்கி, கோழிகளைத் துரத்தினார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வரி வாசிக்கப்பட்டது: காம்ப் பட்டியலில் ஊரில் இருப்பதாகப் பேர் உள்ளவருக்கு மட்டுமே பாஸ். வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும்.

ஊர் ஆம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். எத்தனையோ மாதமாகப் புல்லுப் பிடுங்கிய யோகராசாவின் கை, வள்ளத்தைத் தொட்டுவிட்டு நின்றது. நான் காம்புக்குப் போய், சிலர் அண்மையில் திரும்பி வந்துவிட்டார்கள் என்று மெல்லத் தொடங்கினேன். காம்புக்குப் பொறுப்பான கப்டன் சிங்களவர், ஓரளவு தமிழ் கதைப்பார், சத்தம் போட மாட்டார். அதுதான் எனக்குக் கூடுதல் பயம். அவர் பட்டியலைப் புரட்டினார், என் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நல்லது மிஸ். வந்த ஆட்கள் பாஸ்போட் கொண்டு வரட்டும்."

சீதன வள்ளம்

பாஸ்போட் என்ற பொருளை எங்கள் ஊரில் எவரும் கண்ணால் கண்டதில்லை. வியாழக்கிழமை வரைக்கும் நான் சோறு இறங்காமல் திரிந்தேன். வெள்ளி காலையில் சிவபாக்கியம் எண்ணெய் வைத்துத் தலை இழுத்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு என் வாசலில் நின்றாள். பின்னால் இன்னும் பல பொம்பிளைகள். "பட்டியலில நாங்கள் இருக்கிறம்தானே" என்றாள். எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுப்பார்கள், கடற்கரைக் குடும்பமென்றால் வள்ளமும் கொடுப்பார்கள். பாஸ் படிவத்தில் வள்ளக்காரர் பேர், உதவியாள் எத்தனை என்று இரண்டே கட்டம். உதவியாளுக்குப் பேர் கேட்கவில்லை. காம்பில் கப்டன் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு வள்ளம் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். சிவபாக்கியம் முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"வள்ளம் என்ர சீதனம், சேர். ஓட்டுறதுக்குக் கூலிக்கு ஆள் பிடிப்பன்."

கூலிக்காரன்

அப்படித்தான் யோகராசா தன் மனைவியின் வள்ளத்தில் பேரில்லாத கூலிக்காரனாகக் கடலுக்குப் போனார். கூடவே அவருடைய தம்பி, இன்னொரு பேரில்லாத கூலிக்காரன். முதல் நாள் வள்ளம் நிறையச் சூடை மீன் வந்தது. சைக்கிளில் பெட்டி கட்டி மீன் வாங்க வருகிற, ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற காசிம் காக்கா வழக்கம்போல் யோகராசாவிடம் விலை கேட்டார். பாஸ்காரியிடம் கேளுங்கோ என்று அவர் கை காட்டினார். காக்கா கேட்டார், அன்றிலிருந்து கெட்டார். சிவபாக்கியம் விலையில் ஒரு சதம் இறங்கவில்லை.

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். என் ஊழல் இப்படி நல்லபடியாக முடிந்ததென்று கொஞ்சம் பெருமையும் பட்டேன். ஒரு காலை வள்ளங்கள் போனபிறகு சிவபாக்கியம் கரையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். கடலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இவருக்கு ஏதும் நடந்தா, மிஸ், எந்தப் பட்டியலில பேரை வெட்டுவியள்?"

கச்சான்

கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். ஒருநாள் மத்தியானம் அது திடீரென்று மூண்டது. மூன்று மணிக்கு எல்லா வள்ளங்களும் கரை சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. யோகராசாவின் துடுப்பு முறிந்ததையும் வள்ளம் வெளியே இழுபட்டதையும் கடைசியாக வந்தவர்கள் கண்டிருந்தார்கள். எல்லைக்கு வெளியே தனியாக ஒரு வள்ளத்தைக் கண்டால் அந்தக் காலத்தில் கடற்படை சுகம் விசாரிக்காது, சுடும். உள்ளே இருப்பது யார் என்று உடனே சொன்னால்தான் அந்த இரண்டு பேரும் உயிரோடு திரும்பலாம்.

நானும் சிவபாக்கியமும் காம்புக்கு ஓடினோம். "என்ர மனிசன் கடலில" என்றாள் சிவபாக்கியம். கப்டன் பட்டியலைத் திறந்தார். யோகராசா, சவூதி. தம்பி, சவூதி. கீழே என் கையெழுத்து. வேலை போகும், அதோடும் விடமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் பக்கத்தில் அவள் அழாமல், என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. "அவர் ஒரு நாளும் சவூதிக்குப் போகவில்லை, சேர். ரெண்டு பேரும் இங்கதான் இருந்தவை. பொய் எழுதினது நான்" என்றேன். கப்டன் ஒரு கடதாசி தந்தார். அதையே எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதற்கிடையில் அவர் கம்பியில்லாக் கருவியில் இருவர் பேரையும் கடற்படைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லி முடித்ததும், "மற்றவர்கள்?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று நான் வாசல் பக்கம் திரும்பினேன். முட்கம்பிக்கு அப்பால் ஊர் ஆம்பிளைகள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். விசாரணைக்குப் பயந்து இத்தனை நாளும் குசினிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல், வெயிலில், காம்ப் வாசலில் நின்று யோகராசாவின் செய்திக்குக் காத்திருந்தார்கள். கப்டன் எழுந்து வந்து அவர்களை நெடுநேரம் பார்த்தார்.

"சவூதி இவ்வளவு கிட்டவா, மிஸ்?"

திருத்தம்

பொழுது படுவதற்குள், ரோந்துப் படகு ஒன்று வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தது. யோகராசாவும் தம்பியும் உப்பு பூத்த முகத்தோடு இறங்கினார்கள். சிவபாக்கியம் முதலில் அவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு துடுப்பை எங்கே தொலைத்தாய் என்று ஏசத் தொடங்கினாள், அப்போதுதான் அழுதாள். கப்டன் என் கடதாசியை மேசை இலாச்சிக்குள் வைத்தார். அது அங்கிருந்து மேலே போகவே இல்லை. புதுப் பட்டியல் எடுக்கச் சொன்னார், இந்த முறை உள்ளபடி.

முதல் வீடாக யோகராசா வீட்டுக்குத்தான் போனேன். ஏழு பேர். எல்லாப் பேரும் எழுதியாகிவிட்டது. 'தொழில்' கட்டத்துக்கு வந்ததும் பேனையைப் பிடித்துக்கொண்டு யோகராசாவைப் பார்த்தேன். மீனவர் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அடுப்படியிலிருந்து சத்தம் முந்தி வந்தது:

"அவருக்கு உதவியாள் எண்டு போடுங்கோ, மிஸ். மீனவர் நான்தான், பாஸ் என்ர பேரில இருக்கு."

என் உத்தியோக காலத்தில் நான் கையெழுத்து வைத்த பட்டியல்களில் ஒரு பொய்யும் இல்லாதது அது ஒன்றுதான், அதை மட்டும்தான் கந்தோர் 'நம்பக்கூடியதாக இல்லை, மீண்டும் சரிபார்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பியது.