இரண்டாவது காரணம்

நான் படிப்பித்தேன் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையில் நான் வாசித்தேன், பிள்ளைகள் எழுதினார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த மாதமே வெளிவாரிப் பட்ட வகுப்பொன்றைத் தொடங்கினேன். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமற்போன பிள்ளைகள் வெளியிலிருந்து பதிந்து, சோதனை எழுதிப் பட்டம் எடுக்கலாம். சோதனையைப் பல்கலைக்கழகம் நடத்தும். படிப்பித்துத் தராது. அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்றவர்கள் கடை போட்டோம். உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு மேல்மாடி, சனியும் ஞாயிறும் வகுப்பு, கட்டணம் முன்கூட்டியே. திரியாயிலிருந்தும் கிளிவெட்டியிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து கதிரையில் இடம் பிடிக்க முந்துவார்கள்.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. நான் ஒரு சதமும் கட்டாமல் மலைநாட்டில் பல்கலைக்கழகம் படித்தவன். அங்கே என்னைப் படிப்பித்தவர் கையில் தாளே இல்லாமல் வருவார். கேள்வி கேட்டுக் கேட்டு எங்களை வியர்க்க வைப்பார். அந்த வகுப்பில் எழுதிய குறிப்புகள்தான் அந்தக் கொப்பி. அவர் கேட்ட கேள்விகளை நான் எழுதி வைக்கவில்லை. விடைகளை மட்டும் எழுதினேன். பிறகு அவற்றை விற்றேன்.

ஒரு சனிக்கிழமை புவியியல். எங்கள் ஊர்த் துறைமுகம் இவ்வளவு ஆழமாகவும் பாதுகாப்பாகவும் இருந்தும் ஏன் பெரிய வணிகத் துறைமுகமாக வளரவில்லை என்பது தலைப்பு. முதலாவது காரணம், சனம் செறிந்த மேற்குப் பகுதியிலிருந்து தூரம். அதைச் சொல்லி முடித்துப் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கத்தின் உச்சியில் 'மூன்றாவது காரணம்' என்று இருந்தது. நடுவில் ஒரு தாள் கழன்று போயிருந்தது. எப்போது போனதென்று தெரியாது. நிறுத்தி யோசித்திருக்கலாம். யன்னலுக்கு வெளியே துறைமுகமே கிடந்தது. "மூன்றாவது காரணம், உள்நாட்டுப் பாதைகளின் போதாமை, கமா" என்று தொடர்ந்தேன்.

கடைசி வரிசை வாங்கிலிருந்து கிளிவெட்டி மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"சேர், ரெண்டாவது?"

"அதை வீட்டில தேடிப் பிடியும். எல்லாத்தையும் நானே வாயில தீத்திவிட்டா உமக்கெதுக்குப் பட்டம்?"

வகுப்புச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவன், "டேய், உன்ர மூளைக்கு ஒண்டே போதும்" என்றான். இன்னும் சிரிப்பு. கிளிவெட்டிக்காரன் கையை இறக்கினான். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவன் எதுவும் கேட்டதில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. எனக்கு அது சுகமாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த இடம் வரும்போது அதே பகிடியைச் சொல்லித் தாண்டினேன்.

அவன் பட்டம் எடுத்தான். எடுத்த பிறகு அரசாங்க வேலை கேட்டு மாவட்டக் கச்சேரி வாசலில் பதாகை பிடித்தான். அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாக எடுத்தபோது ஓர் அரசாங்கக் கந்தோரில் சேர்ந்தான். இருக்க மேசை கிடைக்கவே கன மாதம் ஆனதாம். கண் மங்கி நான் வகுப்பை விட்டபோது அந்த மேல்மாடியையும் வகுப்பையும் அவன் எடுத்தான். என்னுடைய மாணவன் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

போன மாதம் கப்பல்துறைக் கிராமத்திலிருந்து ஒருவர் மகளோடு என் வீட்டுக்கு வந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் கயிறு கட்டி நிறுத்துவது அவருடைய வேலை. மகள் அந்த மேல்மாடியில் ஒரு வருடம் முடித்திருந்தாள். இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளை விற்க ஆள் பார்த்து வைத்திருந்தார்.

"நான் அஞ்சாம் வகுப்போட விட்டவன், சேர். இதுக்குள்ள படிப்பு இருக்கோ இல்லையோ எண்டு பாக்க எனக்கு ஏலாது. நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் ஓம் எண்டா விப்பன்."

பூதக்கண்ணாடியை வைத்து மகளின் கொப்பியை வாசித்தேன். எல்லாம் என் வசனங்கள். கமாகூட நான் போட்ட இடத்திலேயே இருந்தது. துறைமுகப் பாடம் வந்தது. முதலாவது காரணம். கீழே அரைப் பக்கம் வெறுமை. பிறகு மூன்றாவது காரணம்.

"ஏன் பிள்ளை இதில இடம் விட்டிருக்கிறீர்?"

"ரெண்டாவதுக்கு, சேர். நான் கேட்டனான். வீட்டில தேடிப் பிடிக்கட்டாம். எல்லாத்தையும் வாயில தீத்திவிட்டா எனக்கெதுக்குப் பட்டமாம்."

தகப்பன் சிரித்தார். "கப்பல் ஏன் வரேல்லை எண்டோ? என்னைக் கேட்டிருந்தாப் பத்துச் சொல்லியிருப்பன். கயிறோட காவல் நிக்கிறவன் நானெல்லோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாள் தொலைந்தது என்னிடம் என்று சொன்னேன். அதை மறைக்கத்தான் ஒரு மாணவனை அவமானப்படுத்தினேன் என்றும், இந்தப் பகிடி என்னுடையது என்றும் சொன்னேன். அவர் மடியில் இருந்த ஹெல்மெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"அப்ப இவ்வளவு காலமும் எல்லாரும் ஒண்டையும் மூண்டையும்தான் எழுதினவையோ?"

"ஓம்."

"எழுதியும் பாஸ் பண்ணினவையோ?"

"கனபேர் பண்ணினவை."

"அப்பிடியெண்டாக் கட்டலாம் போல" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. கணக்குப் பார்த்துத்தான் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வேறு எங்கே அனுப்புவது? காட்ட என்னிடம் ஓர் இடமும் இல்லை. மகள் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டாவது என்ன, சேர்?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை. மறந்துபோச்சு."

அவள் பேனையை மூடினாள். அவர்கள் போகும்போது நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே அந்தக் கிளிவெட்டி மாணவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். தாள் கழன்றுபோன கதையைச் சொன்னதும் முதலில் சிரித்தான்.

"உங்கட கொப்பியில இல்லாததை நான் எங்க போய் எடுக்கிறது, சேர்? கிழமை முழுக்கக் கந்தோர். சனி ஞாயிறு இது. புதுசா வாசிக்க நேரம் ஏது?"

அன்று வகுப்பில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அண்டைக்கு உண்மையாத்தான் கேட்டனான், சேர். பகிடிக்கில்லை" என்றான். பிறகு, "விடுங்கோ சேர்."

அந்தப் பாடத்தையாவது திருத்திச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டேன். "பாப்பம்" என்றான்.

அடுத்த கிழமை கண்ணுக்கு மருந்து எடுத்துவிட்டுத் திரும்பும்போது கண்டி வீதி பஸ் தரிப்பிடத்தில் அந்தத் தகப்பன் நின்றார். கையில் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது. ஹெல்மெட் இல்லை.

"கட்டியாச்சு, சேர்."

"வகுப்பு எப்பிடியாம்?"

"நடக்குதாம். அந்த அரைப் பக்கத்தை இன்னும் விட்டுத்தான் வைச்சிருக்கிறா."

பஸ் வந்தது. சனம் முண்டியடித்தது. அவர் கையை நீட்டி மற்றவர்களை மறித்துக்கொண்டு, "நீங்கள் முதல்ல ஏறுங்கோ, சேர்" என்றார்.