அலை விழுந்த ஷாஃப்ட்

குத்துக்கல்வலசையில் இருந்த எங்கள் லேத் பட்டறையில் ஒரே வாரத்தில் இரண்டு ஷாஃப்டுகள் வீணாயின. குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் தண்ணீர் மோட்டாருக்கானவை. கடையும்போது இரும்பு ஓலமிட்டது; வழவழப்பாக வரவேண்டிய மேற்பரப்பில் சின்னச் சின்ன அலைகள் விழுந்தன. சாரல் தொடங்கி, சீசன் கூட்டம் வந்துவிட்டது. மூன்றாவதும் கெட்டால் வேலையைச் செங்கோட்டைக்குக் கொண்டுபோவதாக லாட்ஜ் மேனேஜர் சொல்லியிருந்தார்.

பட்டறையில் கூட வேலை பார்த்த சித்தப்பாவை அப்பா சந்தேகப்பட்டார். அவர் தனியாகப் பட்டறை போட இடம் பார்ப்பதாக ஊரில் பேச்சிருந்தது. ஆறாம் வகுப்பு படித்த என்னைப் புத்தகப் பையுடன் அப்பா பட்டறையில் உட்காரவைத்தார்.

"அவன் என்ன செய்யுதான்னு பாரு. வாயத் திறக்காத."

மூன்றாவது ஷாஃப்டுக்கு, இரும்பைச் சீவும் டூலை லேத்தில் கட்டிவிட்டு அப்பா டீ குடிக்கப் போனார். சித்தப்பா வாசலைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார். நாலு விரற்கடை வெளியே நீட்டியிருந்த டூலைத் தளர்த்தி, ஒரு விரற்கடை மட்டும் தெரியும்படி உள்ளே தள்ளினார். அடியில் ஒரு தகட்டுத் துண்டைச் செருகி, முனையை ஷாஃப்டின் நடுமட்டத்துக்கு உயர்த்தி இறுக்கினார். திரும்பவும் வாசலைப் பார்த்தார்.

டீக்கடைக்கு ஓடினேன்.

அப்பா வந்த நேரத்தில் மேனேஜரும் வந்து சேர்ந்தார். அப்பா தகட்டை உருவி எறிந்தார். டூலைப் பழையபடி வெளியே இழுத்து, மூக்கு படுமளவு குனிந்து கட்டினார்.

"நம்ம கடையிலயே குழி பறிக்கியாலே?"

"இல்லண்ணே. இவ்வளவு நீட்டுனா அதிரும்."

"எனக்கே சொல்லித் தாரியா? உனக்கு டூல் கட்டப் பழக்குனது யாருலே?"

சித்தப்பா மேனேஜரை ஒருமுறை பார்த்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். லேத் ஓடியது, அதே ஓலம்.

"அண்ணாச்சி, இது ஷாஃப்டா, முறுக்கா?" என்றார் மேனேஜர். போனைக் காதில் வைத்தபடி வெளியேறினார்.

தகட்டைச் செருகி மிஷினையே கெடுத்துவிட்டான் என்று அப்பா தம்பிக்கு வாசலைக் காட்டினார். சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"ஏட்டி, இனி அப்பா டூல் கட்டும்போது பக்கத்துல லைட்டப் பிடி."

நக்கல் என்று நினைத்து, அதையும் அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் டூலின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அப்பாவின் கண்ணில் புரை முற்றியிருந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முனை தெரியவேண்டும் என்றுதான் டூலை அவ்வளவு வெளியே நீட்டிக் கட்டினார். எங்கள் யாருக்கும் தெரியாமல் அவர் காத்துவந்த அந்த ரகசியம் தம்பிக்குத் தெரியும் என்பதை, தம்பி போனபிறகு, என் வாயால்தான் அறிந்தார். அன்று நானோ உளவு வேலையைச் சரியாக முடித்த திருப்தியில் வீட்டுக்கு நடந்தேன்.