ஜன்னல் கம்பி வரிகள்

"சத்தக் கட்டத்துக்குக் கீழே எம் எம்-னு இருக்கா, ரெண்டு சைபரா, அத்தை?"

"சைபர்தான் மாப்ளே. ரெண்டு சைபர்."

"அப்போ வாயைக் கட்டலை. பின்ன ஏன் பேச மாட்டேங்குது?"

மருமகன் மடிக்கணினியின் ஸ்பீக்கர் துளைகள் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அதிர்வு இல்லை. மாமியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையை இன்னும் ஒரு சாண் நெருங்கினார்.

மருமகனுக்குப் பதினோரு வயதிலிருந்து பார்வை இல்லை. திரையில் வருவதைக் கணினி வாய்விட்டுப் படிக்கும். அதைக் கேட்டு வேலை செய்வார். கூட்டங்களின் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்வது உத்தியோகம். பேசியவர்களை அப்படியே பேசிக் காட்டுவதால் அலுவலகத்தில் அவர் பெயர் ரேடியோ. வெள்ளிக்கிழமை புதுக் கணினி கொடுத்தார்கள். பழையதிலிருந்த லினக்ஸ் இயங்குதளத்தை, தன் தேவைக்குத் தானே கத்தரித்துக் கட்டிய கெர்னல் என்ற அதன் உள்மையத்தோடு, இதில் ஏற்றினார். எல்லாம் ஓடியது, குரல் மட்டும் வரவில்லை. "திங்கட்கிழமையும் இது ஊமையா இருந்தா, நீங்க ஃபோன் எடுக்கிற மேசைக்குப் போயிடுங்க" என்றார் மேலாளர்.

அந்த மேசைக்குப் போக அவருக்கு மனமில்லை. அதைவிட, சவுண்ட் கார்டு இருக்கிறது, ஒலியளவு திறந்திருக்கிறது, சத்தம் எங்கே போய் முட்டிக்கொள்கிறது என்பதுதான் ஞாயிறு காலையிலிருந்து மண்டையைக் குடைந்தது. மனைவி ஊரில் இல்லை, திரையைப் படித்துச் சொல்ல மாமியார்தான். மாமியார் முப்பது வருடம் தபால் பிரித்தவர். ஆங்கில எழுத்தில் கண் பிசகாது. அர்த்தத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

கெர்னலில் எதைச் சேர்த்தோம், எதை விட்டோம் என்று எழுதியிருக்கும் கோப்பைத் திறந்து, ஒலிப் பகுதியைப் படிக்கச் சொன்னார்.

"சவுண்ட் கார்டு சில்லு பேர் வருதா?"

"வரலையே."

இரண்டாம் முறையும் வரவில்லை. அந்தப் பகுதியின் வரிகளை எண்ணும்படி ஒரு கட்டளை தட்டினார். நாற்பத்தொன்று என்று மாமியாரே படித்தார்.

"நீங்க இருபத்தொன்பதுதான் படிச்சீங்க. மீதியை முழுங்கிட்டீங்களா?"

"நான் ஏன் முழுங்கறேன்? ஜன்னல் கம்பி மாதிரி குறி போட்டதையெல்லாம் விட்டுட்டேன். கம்பி போட்டா வெறும் குறிப்பு, படிக்க வேண்டாம்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னார்தான், வேறொரு கோப்புக்கு. இந்தக் கோப்பில், அணைத்து வைத்ததையும் அதே # குறி போட்டுத்தான் எழுதுவார்கள்.

"தப்பு என்னுதுதான் அத்தை. இப்போ கம்பி வரியை மட்டும் படிங்க."

ஏழாவது வரியில் சில்லு செய்த கம்பெனியின் பெயர் வந்தது. பின்னாலேயே, "இஸ் நாட் செட்."

"யாரு மாப்ளே வேண்டாம்னு சொன்னது?"

"நான்தான். எட்டு வருஷம் ஆச்சு. அப்போ அந்தச் சில்லு நம்மகிட்ட இல்லை."

"இல்லாததை இல்லைன்னு சொல்ல ஒரு வரி எதுக்கு?"

"எழுதலைன்னா, வேண்டாம்னு சொன்னோமா, கேட்கவே இல்லையான்னு தெரியாதே."

"விருந்துக்குக் கூப்பிடாதவங்க பேரையும் எழுதி வைக்கிற ஆளு போல."

அந்தச் சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருளைச் சேர்த்து, கெர்னலை மறுபடி கட்டவிட்டார். ஒன்றே முக்கால் மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "எரர் வந்துச்சா?" என்றார். "ஓடுது, பேசாம இருங்க" என்றார் மாமியார். திரையைவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் கணினியை அணைத்து மறுபடி போட்டார்கள்.

வேறு யாருக்கும் பிடிபடாத வேகத்தில் ஒரு குரல் வந்தது. ரேடியோ இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றிக்கொண்டார்.

"என்ன உளறுது?"

"உள்ளே வர்றது யாருன்னு பேர் கேட்குது."

"மாமியார்னு சொல்லுங்க."

மறுநாள் எட்டரை மணிப் பேருந்தில் ரேடியோ அலுவலகம் போனார். மேலாளர் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்து, ஒன்றும் புரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். மதியத்துக்குள் ரேடியோ, சாக்கடைக் குழாய் பற்றிய கூட்டம் ஒன்றைத் தட்டச்சு செய்து முடித்தார். ஃபோன் மேசைக்கு வேறு ஆள் தேடுவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.