முதல் பத்தியில் மாமி

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் மயிலாப்பூரில் மாமியின் வீட்டில் கூடுவோம். ஒரு மாத இதழில் வரும் நெடுங்கட்டுரையைப் படித்துவிட்டு வந்து அதைப் பற்றிப் பேசுவது, அவ்வளவுதான் வேலை. அந்த இதழில் கவிதை, கதை, சினிமா எல்லாம் உண்டு. ஆனால் அதற்குப் பெயர் வந்தது நடுப்பக்கங்களில் வரும் அந்த ஒரு கட்டுரையால்தான். ஒரு ஏரி, ஒரு வழக்கு, மூடிப்போன ஒரு ஆலை என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு இருபது பக்கத்துக்கு எழுதுவார்கள்.

மாமி வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன். தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டாவது ஆள் அண்ணாச்சி. தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கல்லாவில் உட்கார்ந்தபடியே படிப்பார். வியாபாரம் நடுவில் வந்தால் விட்ட பக்கத்தில் ஒரு கரண்டியைச் செருகி வைப்பார். மூன்றாவது, படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் ஒரு பெண். அடையாறில் வாடகை வீட்டில் இருந்தாள். நான்காவது நான், அதே அடையாறில் ஒரு குடியிருப்பில் இருப்பவன், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். அந்த இதழ் நடத்திய வாசகர் கூட்டம் ஒன்றில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். மேடையில் பேசியவர்களைவிட நாங்கள் அதிகம் பேசினோம். அதிலிருந்து இது தொடங்கியது.

எங்களில் மாமிதான் கறார். கட்டுரையின் விஷயத்தில் அவருக்குப் பெரும்பாலும் சண்டை இருக்காது. நடையில்தான்.

"ஒரு கிழவியைக் காட்டி ஆரம்பிக்கறான்" என்று ஒருமுறை சொன்னார். நிலத்தடி நீர் பற்றிய கட்டுரை அது. "அவ வாளியைக் கிணத்துல விடறா. கயிறு போறது, போறது, போயிண்டே இருக்கு. சரி. நாலு பத்தி கழிச்சு அவளை அங்கேயே விட்டுட்டுச் சட்டம் பேசப் போயிடறான். இருபது பக்கம் அவ எங்கே இருந்தான்னு கேக்க நாதி இல்லை. கடைசிப் பத்தியில திரும்ப அவளைக் கூட்டிண்டு வந்து எதையாவது வெறிச்சுப் பாக்க வச்சுடறான். ஏன், அவளுக்கு வேற வேலை கிடையாதா?"

சப்டைட்டில் பெண் விட்டுக்கொடுக்க மாட்டாள். "ஒரு முகம் இல்லேன்னா யார் மாமி இருபது பக்கம் படிப்பாங்க? நேரா சட்டத்துல ஆரம்பிச்சா நீங்களே புரட்டிட்டுப் போயிடுவீங்க."

"நான் புரட்ட மாட்டேன். முப்பது வருஷம் கடன் கேட்டு வந்த ஃபைலைப் படிச்சவ நான். யார், எதுக்கு, திருப்பிக் கட்டுவானா, இதை முதல் பக்கத்துல சொல்லணும். அழ வைக்கறதெல்லாம் அப்புறம்."

"கத மாதிரி இருந்தாத்தான் மாமி எனக்கு உள்ள போவுது" என்பார் அண்ணாச்சி. "இல்லைன்னா கண்ணு மட்டும் போவும், புத்தி கடையில நிக்கும்."

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது மாமியின் மகன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பான். "இன்னிக்கு யாரைக் கிழிக்கறேள்?" என்று கேட்டுவிட்டு, தட்டிலிருந்து இரண்டு தட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவான். எங்கள் யாரிடமும் அவன் நின்று பேசியதில்லை. ஆனால் நாங்கள் வருவதற்கு முன்பே நாற்காலிகளைப் போட்டு வைத்திருப்பவன் அவன்தான்.

ஒரு வேலை நாளில், பள்ளி விடும் நேரத்துக்கு அண்ணாச்சி போன் செய்தார். "சார், மாமி பையன் போயிட்டான்" என்றார். எனக்குப் புரியவில்லை. எங்கே போனான் என்று கேட்டேன்.

கணக்குத் தணிக்கைக்காக ஒரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். பழைய கட்டடம். வேலை முடிந்து இறங்குவதற்காக நான்காவது மாடியில் லிப்டுக்குப் பொத்தானை அழுத்தினான். கதவு திறந்தது. லிப்ட் வரவில்லை. அவன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்து வைத்துவிட்டான் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னாராம்.

பெசன்ட் நகர் மயானத்தில் மாமியின் தங்கை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சேர்வதற்காகக் காத்திருந்தோம். மாமி அழவில்லை. வந்தவர்களிடம் மோர் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அவருடைய புடவையில் ஆஸ்பத்திரியில் ஒட்டிய பார்வையாளர் சீட்டு அப்படியே இருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் சப்டைட்டில் பெண்தான் போய் எடுத்தாள்.

அதன் பிறகு கூட்டம் இல்லை. நான் அவ்வப்போது மாமியைப் பார்த்துவிட்டு வருவேன். பேச எதுவும் இருக்காது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், இருவரும் அதைப் பார்ப்போம். அப்படி ஒருநாள் அவராகவே சொன்னார்.

"நாம படிக்கற அந்தப் பத்திரிகையிலேர்ந்து ஒரு பையன் வந்தான் சார். இந்த ஊர் லிப்டுகளைப் பத்தி எழுதறானாம். எத்தனையோ கட்டடத்துல வருஷக்கணக்கா யாரும் சோதனையே பண்ணலையாம். பேசறேளான்னு கேட்டான். சரின்னுட்டேன்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா மாமி?"

"இருக்கும். ஆனா நாலு பேர் படிச்சுட்டுத் தன்னோட லிப்டைப் போய்ப் பார்ப்பா இல்லையா."

கட்டுரை வெளிவந்தது. என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். மாமி டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது என்று ஆரம்பித்திருந்தது. முதல் சொட்டு விழும் நேரத்தில் முதல் மணி. அவர் எடுக்கவில்லை, பாத்திரம் நிறையட்டும் என்று காத்திருந்தார். அந்தச் சில வினாடிகள்தான் அவருக்கு மகன் இருந்த கடைசி வினாடிகள் என்று அந்தப் பத்தி முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி வந்து தோளைத் தொட்டாள். அவளிடம் இதழைக் கொடுத்தேன். அவளும் அங்கேயே நின்று படித்தாள்.

நான்கு பத்திகளுக்குப் பிறகு லிப்ட் சட்டம் வந்தது. ஆய்வாளர் பற்றாக்குறை வந்தது, பழுது பார்க்கும் நிறுவனங்கள் வந்தன, வெளியூர்களில் நடந்த விபத்துகள் வந்தன. எல்லாம் கவனமாகத் தேடி எடுத்த விவரங்கள். கடைசிப் பத்தியில் மாமி திரும்ப வந்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் மாமி போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வந்துடுங்கோ. மத்த ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். இந்த இதழைப் பேசிடலாம்."

வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. போனோம். நாற்காலிகள் போட்டிருக்கவில்லை. நானும் அண்ணாச்சியும் உள்ளே போய் எடுத்து வந்தோம். மாமி இதழை மடியில் வைத்திருந்தார். வழக்கம்போல் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"ஆரம்பிங்கோ" என்றார்.

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "என்னால இதப் பேச முடியாது மாமி. விட்டுருங்க."

"ஏன்? மத்தவா ஆத்து சாவையெல்லாம் நாம பேசலையா? மூடின ஆலையில தூக்கு மாட்டிண்டவனைப் பத்தி ரெண்டு மணி நேரம் பேசினோம். நான் என்ன சொன்னேன் அன்னிக்கு? மூணாவது பக்கத்துல இழுவையா இருக்குன்னேன்."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். மாமி சப்டைட்டில் பெண்ணைப் பார்த்தார். "நீ சொல்லு. எப்படி எழுதியிருக்கான்?"

அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "நல்லா எழுதியிருக்காரு மாமி."

"எது நன்னா இருக்கு?"

"ஆரம்பம். அந்தச் சொட்டு."

மாமி தலையாட்டினார். பிறகு பேசினார். குரலில் கோபம் இல்லை.

"அந்தப் பையன் மூணு தடவை வந்தான். நல்ல பையன். போன் வந்தப்போ என்ன பண்ணிண்டு இருந்தேள்னு கேட்டான். ஞாபகம் இல்லைன்னேன். நிஜமாவே இல்லை. ரெண்டாவது தடவை வந்து திரும்பவும் கேட்டான். யோசிச்சுப் பாருங்கோம்மா, சமையலா, டிவியா, தூங்கிண்டு இருந்தேளான்னான். அவனுக்கு ஏதோ வேணும்னு தெரிஞ்சுது. பாவமா இருந்துது. அந்த நேரத்துக்கு வழக்கமா டிகாக்ஷன் போடுவேன், அதுவா இருக்கலாம்னேன். எழுதிண்டான். அவன் பொய் எழுதலை. நான்தான் குடுத்தேன்."

"ஜன்னல்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"அவன் பைக்கைக் கீழாத்துக்காரர் கார் முன்னாடி நிறுத்தியிருந்தான். அவர் ஹாரன் அடிச்சார். யாருன்னு பாக்க ஜன்னல்கிட்டே போனேன்."

அண்ணாச்சி வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். மாமியும் லேசாகச் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு இதழைத் திறந்து முதல் பக்கத்தில் கையை வைத்தார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். ஆஸ்பத்திரியில நான் அழலை. மயானத்துலேயும் அழலை. இதைப் படிச்சுட்டு அழுதேன். இந்தப் பொம்மனாட்டிக்காக அழுதேன், ஐயோ பாவம்னு. பக்கம் திருப்பினப்புறம்தான் இது நான்னு உறைச்சுது. இப்போ அந்தச் சாயங்காலத்தை நினைச்சா காபி வாசனை வரது சார். வரக் கூடாது. அன்னிக்கு நான் வேற ஏதோ பண்ணிண்டு இருந்தேன். துணி மடிச்சேனா, யாரோடயாவது பேசிண்டு இருந்தேனா, என்னிக்காவது ஒருநாள் தானா ஞாபகம் வரும்னு வச்சிண்டிருந்தேன். இனிமே வராது. அவன் எழுதினதுதான் வரும். அவ்வளவு நன்னா எழுதியிருக்கான்."

சப்டைட்டில் பெண் மாமியின் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். நாங்கள் கிளம்பும்போது மாமி தட்டை டப்பாவை எடுத்து வந்து, கடையில் வாங்கியது, அவ்வளவு நன்றாக இல்லை என்று சொல்லி ஆளுக்கு இரண்டு கொடுத்தார்.

அடுத்த மாத இதழில் வாசகர் பக்கம் முழுக்க அந்தக் கட்டுரைதான். மாமி என்னிடம் படித்துக் காட்டினார். மனதைப் பிசையும் நடை என்று ஒருவர் எழுதியிருந்தார். சிறுகதைக்கு நிகரான தொடக்கம் என்று ஒருவர். கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்று இன்னொருவர். ஒரு பேராசிரியர் அந்த முதல் பத்தியை மாணவர்களுக்கு வகுப்பில் வாசித்துக் காட்டினாராம்.

"லிப்டைப் பத்தி யாராவது எழுதியிருக்காளான்னு பாருங்கோ" என்று என்னிடம் நீட்டினார். இரண்டு முறை பார்த்தேன். இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் வாசகர் பக்கத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதுவது என்று தீர்மானித்தேன். முதலில் எங்கள் குடியிருப்பில் விசாரித்தேன். லிப்டைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று சங்கச் செயலாளருக்கே தெரியவில்லை. அதை எழுதி, ஒவ்வொரு வாசகரும் தன் கட்டடத்தில் போய்க் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். முதல் வரியாக, மரியாதைக்கு, கட்டுரை அருமை என்று போட்டேன். அடுத்த இதழில் வெளியிட்டார்கள். இடப் பற்றாக்குறையோ என்னவோ, முதல் வரியை மட்டும் போட்டிருந்தார்கள். கீழே என் பெயரும் ஊரும் இருந்தன. மாமி அதைப் பார்த்திருப்பார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் அவருக்கு இன்னொரு பாரம் என்று தோன்றியது.

மாமியின் மகன் விழுந்த கட்டடத்தில் புது லிப்ட் போட்டுவிட்டார்கள் என்று அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கட்டட உரிமையாளர் மீது போட்ட வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. நாங்கள் இன்னும் ஓரிரு முறை கூடினோம். கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் ஒருவர் நன்றாக இருக்கிறது என்றால் மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். மாமிகூடச் சண்டை போடவில்லை. ஒருமுறை அண்ணாச்சி கடையில் கூட்டம் என்று வரவில்லை. அடுத்த முறை எனக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை. அப்படியே நின்றுபோனது.

தை மாதத்தில் மாமி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தங்கையோடு இருக்க ஸ்ரீரங்கம் கிளம்பினார். எழும்பூரில் வழியனுப்ப நாங்கள் மூவரும் போயிருந்தோம். பகல் வண்டி, ஜன்னலோர இருக்கை. சப்டைட்டில் பெண் வழியில் படிக்க ஏதாவது வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். மாமி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் கொடுத்தார். திறந்து கொடுத்தேன்.

"நீங்க மூணு பேரும் கூடறதை விட்டுடாதீங்கோ" என்றார். "நான் இல்லேன்னா நிம்மதியாப் பேசலாம்."

கூடுகிறோம் என்று சொன்னோம். வண்டி நகர்ந்தது. அவர் கையசைக்கவில்லை. எதிர் இருக்கைக்காரர் பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது மூவரும் ஒரே மின்சார ரயிலில்தான் ஏறினோம். மாம்பலத்தில் அண்ணாச்சி இறங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பற்றி யாரும் பேச்சு எடுக்கவில்லை. சைதாப்பேட்டையில் இறங்கி, அவளும் நானும் அடையாறு போகும் பஸ்ஸுக்காக வெகுநேரம் நின்றோம்.