பட்டாளத்துக்குப் போகாத பாட்டாவின் மூன்று பேட்ஜ்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாட்டா, அதாவது அப்பாவைப் பெற்றவர், திடீரென்று ராணுவ வீரர் ஆனார். அவர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்!

எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். (சிரிக்காதீர்கள்.) எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும்... அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அடுத்தது ‘வீடு காணல்’. பெண் வர மாட்டாள். அவள் வீட்டார் வந்து, கிணறு முதல் கூரை வரை பார்த்து, முந்திரிக்கொத்தைக் கடித்தபடி தீர்ப்பு எழுதுவார்கள்.

அதற்கு முன் என் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும். பழைய ஜெர்மன் ராணுவத்தில் பாரசூட்டில் குதித்தவர்களுக்குக் கொடுத்த பேட்ஜ்களைச் சேர்க்கிறேன். வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தபோது ஒரு ஜெர்மன் இன்ஜினியர் தன் அப்பாவின் பேட்ஜைக் காட்டினார்... அன்று பிடித்தது! நாஜி காலத்துச் சாமான் நம் வீட்டுப் படி ஏறாது. அதற்குப் பிறகு ஜெர்மனி இரண்டாகக் கிடந்ததே, அந்தக் காலத்துச் சரக்குதான். மேற்கு ஜெர்மனிக்காரனுடையதில் இலை வளையம், நடுவில் பாரசூட், இரண்டு பக்கமும் சிறகு. கிழக்கு ஜெர்மனிக்காரனுடையதில் அடியில் ஒரு குட்டித் தகடு தொங்கும். எத்தனை தடவை குதித்தான் என்ற எண் அதில் இருக்கும்.

பிளஸ் டூவில் கோட்டை விட்டவன்தான் நான். ஆனால் பேட்ஜின் பின்பக்க ஊசியைப் பார்த்தே ஒரிஜினலா, காப்பியா என்று சொல்வேன். எங்கள் ஊர் புதுக்கடையில் வேறு யாரால் முடியும்?

அம்மாவுக்கு அதெல்லாம் தகரம். ஆனால் தரகர் வந்து, “பெண்ணுக்க தாய்மாமா பட்டாளத்துல இருந்தவரு. பட்டாளக் குடும்பம்னா உடனே சம்மதிப்பாவ” என்று காதில் ஓதிவிட்டுப் போனார். விடுவாளா? நான் குளிக்கப் போன நேரத்தில் பாட்டா படத்தின் கண்ணாடியைக் கழற்றி, படத்தில் அவர் போட்டிருந்த கோட்டின் மேல் என் மூன்று பேட்ஜைக் குத்தி, திரும்ப உயரத்தில் மாட்டிவிட்டாள்.

பெண் வீட்டாரோடும் தரகரோடும் வந்தார் தாய்மாமா. நேராகப் படத்தின் கீழே நின்றார்.

“இவரு யாரு?”

“எனக்க மாமனாரு. பட்டாளம்” என்றாள் அம்மா, கண் இமைக்காமல்.

“எந்தப் பட்டாளம்?”

அம்மா தரகரைப் பார்த்தாள். தரகர் நேந்திரங்காய் சிப்ஸைப் பார்த்தார்.

மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டினார். “ரெண்டு கிழக்கு ஜெர்மனி, ஒண்ணு மேற்கு ஜெர்மனில்லா? எதிரும் புதிருமா நின்ன ரெண்டு பட்டாளத்துலயும் ஒரே ஆளு சம்பளம் வாங்குனாரோ?”

மாமாவே பட்டாளத்தில் விமானத்திலிருந்து பாரசூட்டில் குதித்தவராம். தரகர் இதைச் சொல்லவே இல்லை!

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். “மிண்டாத இரிலே.”

வாயை மூடினால் பெண் கிடைக்கலாம். ஆனால் நான் தேடித் தேடிச் சேர்த்தது பாட்டா கணக்கில் போய்விடுமே... பொறுக்குமா?

“மாமா, பாட்டா வாழைக்குலை வியாபாரி. கோட்டு ஸ்டுடியோக்காரனுக்கது. பேட்ஜ் எனக்கது!”

சொன்னதோடு நிற்காமல் ஸ்டூல் போட்டு ஏறினேன். கால் வெடவெடத்தது. தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றுகிற ஆள் நான். மாமா ஓடிவந்து ஸ்டூலைப் பிடித்தார்.

“ஏலே மக்கா, ஸ்டூல்ல நிக்கவே இந்த ஆட்டமா? நீயா பாரசூட் பேட்ஜ் சேக்குத?”

“பந்தியில திங்கவன் எல்லாம் சமையல்காரனா மாமா?”

படத்தோடு தொப்பென்று குதித்தேன். ஒவ்வொரு பேட்ஜாகக் கழற்றி, ஊசி, தகடு, சிறகு என்று விளக்கி முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்துவிட்டது. பாட்டாவின் கோட்டில் மூன்று ஓட்டை. இனி யாராவது கேட்டால் போரில் குண்டு பாய்ந்தது என்றுகூட அம்மா சொல்வாள்.

“சொல்லி அனுப்புகோம்” என்று கிளம்பினார்கள்.

“கெடுத்தியேலே, பாவி!” என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் போன். அவளேதான்.

“மாமா எல்லாம் சொல்லிச் சிரிச்சாவ. ஆமா, நீங்க எத்தனை தடவை குதிச்சிருக்கிய?”

“ஒரே தடவை. அந்த ஸ்டூல்ல இருந்து.”

“அது போதும். நிச்சயத்துக்கு வரும்போ ‘ஒண்ணு’ன்னு ஒரு தகடு அடிச்சு மாட்டிட்டு வாங்க.”

அடித்துவிட்டேன், பித்தளையில். என் கலெக்‌ஷனில் நானே குதித்து வாங்கியது அது ஒன்றுதான்... ஒரிஜினல் மக்கா!