மாமாவுக்குத் தெரிந்த ஜெர்மன்

என் தாய்மாமாவுக்கு ஜெர்மன் தெரியும் என்பதில் அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் இரண்டு வருடம் வெள்ளைக்காரர்களின் பெட்டி தூக்கியவர். ‘குட்டன் மோர்கன்’ என்று அவர் சொல்லும் தோரணையிலேயே மீதி மொழியும் தெரியும் என்று நம்பிவிட்டோம்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்துக்கு ஜெர்மனியிலிருந்து யாரோ அனுப்பிய பொம்மைப் பெட்டியில் ஒரு சீடியும் இருந்தது. பேசும்படம் வந்த புதிதில் ஜெர்மனியும் ஹங்கேரியும் சேர்ந்து எடுத்த படம் என்று உறையைப் பார்த்து மாமா அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளால் மடுவத்து ஜன்னல்களை மூடி, டிவியில் படம் போட்டார்கள். மாமா பக்கத்தில் நின்று கதை சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தார். பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த வாரம் பயணம். திரும்பி வரும்போது எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தருவதாகப் பேச்சு.

படத்தில் ஒரு பெண் பெட்டியோடு ரயிலேறினாள். ஒரு பையன் ரயிலுக்குப் பின்னால் ஓடினான்.

“பட்டணத்துக்கு வேலைக்குப் போறாங்க. ஓடுறது இவங்க புள்ள,” என்றார் மாமா.

கடைசியில் அவள் திரும்பி வந்து ஒரு கதவைத் தட்டினாள். திறந்த பையனுக்கு முகமே வேறு. மாமா அசரவில்லை.

“புள்ள வளந்துருச்சு. யாரு நீங்க, யாரத் தேடுறீங்கன்னு பெத்த தாயவே கேக்குறான்.”

மடுவம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். அம்மா அழவில்லை. ஒன்பது வயதுக்காரனான என்னை இழுத்து, கால் தரையில் இடிக்க இடிக்க, மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, “ஒனக்கு ஜெர்மன் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்டா தம்பி,” என்றார் அம்மா.

“அப்புறம் எதுக்குக்கா புள்ளய மடியவிட்டு எறக்கல?”

அம்மா தேத்தண்ணியை அவரிடம் நீட்டினார். மறுநாள் ஹட்டனுக்குப் போய், ஏஜென்சியில் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

போன மாதம் அதே படத்தை ஆங்கில வசன எழுத்துகளோடு போனில் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையே இல்லை. ரயிலுக்குப் பின்னால் ஓடியவன் அவள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க ஓடியிருக்கிறான். கதவைத் திறந்தவன் யாரோ பக்கத்து வீட்டுப் பையன். மாமாவின் கதைதான் நல்ல கதை என்று எனக்குப் பட்டது.

ஆனால் அப்போது நான் மாமாவோடு ஒரு மாதம் பேசவில்லை. ஒரு படத்தைப் போட்டு என் சைக்கிளைக் கெடுத்துவிட்டார் என்று தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் யாருக்காக அந்தக் கதையைச் சொன்னார் என்று அவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. அம்மா மடியில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை.